ஒஹாயோவின் இரண்டு கஞ்சா வாக்கெடுப்புகள்: 2015-இல் தோற்றதும் 2023-இல் வென்றதும்

அமெரிக்காவின் ஒஹாயோ மாநில மக்கள் கஞ்சாவைச் சட்டபூர்வமாக்குவது பற்றி எட்டு ஆண்டு இடைவெளியில் இரண்டு முறை வாக்களித்தார்கள். 2015 நவம்பரில் சுமார் 64 சதவீதம் பேர் வேண்டாம் என்றார்கள். 2023 நவம்பரில் 57 சதவீதம் பேர் சரி என்றார்கள். மக்கள் மனம் மாறிவிட்டது என்று இதைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறார்கள். மாறியிருக்கலாம். ஆனால் இரண்டு தடவையும் வாக்குச்சீட்டில் இருந்தது ஒரே கேள்வி இல்லை.

2015-இல் வந்தது 'இஷ்யூ 3', அதாவது வாக்குச்சீட்டில் மூன்றாம் எண் கேள்வி. ரெஸ்பான்சிபிள் ஒஹாயோ என்ற குழு கொண்டுவந்தது. விற்பனைக்காகக் கஞ்சா வளர்க்க மாநிலம் முழுக்க 10 இடங்களுக்குத்தான் அனுமதி. எந்தெந்த நிலம் என்பதைக்கூட அதிலேயே எழுதிவிட்டார்கள். அந்த நிலங்கள் யார் கையில்? பிரசாரத்துக்குப் பணம் போட்ட முதலீட்டாளர்கள் கையில். பாடகர் நிக் லாஷே, முன்னாள் கூடைப்பந்து வீரர் ஆஸ்கர் ராபர்ட்சன் போன்ற பிரபலங்களும் அந்த முதலீட்டில் இருந்தார்கள். இது சாதாரணச் சட்டமும் அல்ல, அரசியலமைப்புத் திருத்தம். ஜெயித்திருந்தால் அந்தப் பத்து இடங்களின் முதலீட்டாளர்களுடைய பிடியைச் சட்டமன்றத்தால் அசைக்க முடியாது; இன்னொரு வாக்கெடுப்பு நடத்தித்தான் மாற்ற வேண்டும்.

வாக்குச்சீட்டில் தலைப்பே 'ஏகபோகம்' என்ற சொல்லோடு வந்தது. கஞ்சாவை ஆதரித்தவர்களிலேயே பலருக்கு அது உறுத்தியது. போதாக்குறைக்கு, கஞ்சா மொட்டு தலையாக இருக்கும் 'பட்டி' என்ற சூப்பர்ஹீரோ வேடத்தில் ஆளைக் கல்லூரி கல்லூரியாக அனுப்பினார்கள். சின்னப் பிள்ளைகளைக் கவரும் வேஷம் என்று பெற்றோர்கள் கொதித்தார்கள். கோபம் நியாயம்தான். அதே நாளில், அரசியலமைப்பில் இப்படி ஏகபோகத்தை எழுதிக்கொள்வதைத் தடுக்கும் 'இஷ்யூ 2' கொஞ்ச வித்தியாசத்தில் ஜெயித்தது.

2023-இலும் வாக்கெடுப்பின் பெயர் 'இஷ்யூ 2'தான், ஆனால் விஷயம் வேறு. மதுவை ஒழுங்குபடுத்துவதுபோல் கஞ்சாவையும் ஒழுங்குபடுத்துவோம் என்ற குழுவினர் கொண்டுவந்தது. உரிமம் கொடுப்பது அரசுத் துறையின் வேலை. யார் நிலத்தின் பெயரும் அதில் இல்லை. 21 வயது நிரம்பியவர் இரண்டரை அவுன்ஸ், அதாவது சுமார் 70 கிராம் வரை வைத்திருக்கலாம்.

வீட்டில் வளர்ப்பதில்தான் வித்தியாசம் பளிச்சென்று தெரிகிறது. 2015 திட்டத்தில் பூக்கும் செடி நான்கு, அதற்கும் 50 டாலர் கட்டி உரிமம் வாங்க வேண்டும். 2023-இல் ஆளுக்கு ஆறு செடி, வீட்டுக்கு அதிகபட்சம் 12, உரிமம் எதுவும் வேண்டாம். கடைக்காரரை நம்பியிருக்கத் தேவையில்லாத ஒரு வழி சாதாரண ஆளுக்கும் கிடைத்தது. என்னைப் பொறுத்தவரை இந்த ஒரு பிரிவே 2023-ஐ மேலே தூக்கிவிடுகிறது.

வரி 2015-இல் உற்பத்தியாளருக்கு 15 சதவீதம், கடைக்கு 5 சதவீதம். 2023-இல் விற்பனை வரியோடு கூடுதலாக 10 சதவீதம். அந்தப் பணத்தில் 36 சதவீதம் பழைய கஞ்சாச் சட்டங்களால் பாதிக்கப்பட்டவர்களுக்கான சமூக நீதி நிதிக்கு, 36 சதவீதம் கடை இருக்கும் ஊருக்கு, 25 சதவீதம் போதை மீட்புக்கு என்று பிரித்திருந்தார்கள்.

ஆனால் 2023-க்கும் ஒரு பலவீனம் உண்டு. அது வெறும் சட்டம். சட்டமன்றம் நினைத்தால் திருத்தலாம். அது அமலுக்கு வருவதற்கு முந்தைய நாளே, 2023 டிசம்பர் 6-ஆம் தேதி, மாநிலச் சட்டமன்றத்தின் மேலவையான செனட் கை வைக்கப் பார்த்தது. வீட்டு வளர்ப்பை அடியோடு எடுத்துவிடும் யோசனையில் தொடங்கி, கடைசியில் வீட்டுக்கே ஆறு செடி, 15 சதவீத வரி என்று ஒரு மசோதாவை நிறைவேற்றியது. கீழவை அதை எடுத்துக்கொள்ளாததால் தப்பித்தது. 2025 டிசம்பரில் தப்பவில்லை. ஆளுநர் மைக் டிவைன் கையெழுத்திட்ட செனட் மசோதா 56 சமூக நீதி நிதியை நீக்கியது. பக்கத்து மிச்சிகனில் சட்டப்படி வாங்கியதைக்கூட இங்கே வைத்திருப்பதைக் குற்றமாக்கியது. மக்கள் ஓட்டுப் போட்டு எழுதியதை இப்படிக் கத்தரிப்பது எனக்குக் கொஞ்சமும் ஏற்புடையதல்ல.

கொலம்பஸ், கிளீவ்லேண்ட் பக்கம் வேலை விசாவில் இருக்கும் நம் ஆட்களுக்கு ஒரு வார்த்தை: குடியேற்ற அதிகாரிகள் பார்ப்பது மாநிலச் சட்டத்தை அல்ல, மத்தியச் சட்டத்தை. கடையில் முறைப்படி வாங்கினாலும் கிரீன் கார்டுக்கு ஆபத்து.

2015 தோற்றதற்கும் ஒரு விலை இருந்தது. 2016-இல் மருத்துவக் கஞ்சாச் சட்டம் வந்தது. புகைக்க அனுமதி இல்லை, வீட்டில் வளர்க்கவும் கூடாது. நோயாளிகள் கடையில் வாங்கவே 2019 ஜனவரி ஆகிவிட்டது. 21 வயது நிரம்பிய எல்லோருக்கும் விற்பனை தொடங்கியது 2024 ஆகஸ்ட் 6-இல். அப்படியும், அந்த முதலாளிகளை அரசியலமைப்பில் உட்கார வைப்பதைவிட இந்தக் காத்திருப்பு மேல் என்றே சொல்வேன்.

மூன்றாவது வழி ஒன்றும் இருக்கிறது. வைத்திருக்கும் உரிமை, வீட்டில் வளர்க்கும் உரிமை இரண்டை மட்டும் அரசியலமைப்பில் எழுதி, உரிமம், வரி எல்லாவற்றையும் சட்டத்துக்கு விடுவது. திருத்தம் கொண்டுவர, கடந்த ஆளுநர் தேர்தலில் பதிவான வாக்குகளில் 10 சதவீதம் அளவுக்குக் கையெழுத்து வேண்டும். சட்டத்துக்கு இரண்டு கட்டமாக மூன்று மூன்று சதவீதம் போதும். கஷ்டம்தான். ஆனால் 2023-இல் அதே நாளில் கருக்கலைப்பு உரிமைக்காக நின்றவர்கள் திருத்தம் என்ற வழியில் போய் ஜெயித்தார்கள். அந்த உரிமை இன்று சட்டமன்றத்துக்கு எட்டாத இடத்தில் இருக்கிறது.