இருநிறக் காற்றுப் பிளாஸ்மா டெராஹெர்ட்ஸ் மூலம்: பல மாதம் ஓட்டியபின்

லேசர் 800 நானோமீட்டர், 35 ஃபெம்டோநொடி, நொடிக்கு 1000 துடிப்பு, துடிப்புக்கு 1 மில்லிஜூலுக்குள். இவ்வளவு போதும், குவியத்தில் அயனியாகிப் பிளாஸ்மாவாகும் வெறும் காற்றே டெராஹெர்ட்ஸைக் (நுண்ணலைக்கும் அகச்சிவப்புக்கும் இடைப்பட்ட கதிரை) கொடுத்துவிடும். எரிந்துபோக உமிழும் படிகமே இல்லை என்று இதைப் புகழ்வார்கள். உண்மைதான், ஆனால் பிளாஸ்மாவுக்கு முன்னால் பிபிஓ (800 நானோமீட்டரில் ஒரு பகுதியை 400 நானோமீட்டர் நீலமாக்கி இரண்டாம் நிறத்தைத் தரும் பேரியம் போரேட் படிகம்) நிற்கிறதே! நாள்பட ஓட்டும்போது தொல்லை பெரும்பாலும் அங்கேதான் தொடங்கும்.

200 மிமீ லென்ஸுக்குப் பின், குவியத்துக்கு 100 மிமீ முன்னால் 0.1 மிமீ பிபிஓவை வைத்துத் தொடங்கலாம். 30 மிமீ வரை நெருக்கினால் பூச்சு கருகும். நீலம் மிகப் பளிச்சென்று தெரியும் கோணத்தில் நிறுத்துவது எல்லோரும் செய்யும் தவறு. அங்கே 400, 800 இரண்டின் முனைவாக்கமும் (ஒளியின் மின்புலம் அதிரும் திசை) ஒன்றுக்கொன்று செங்குத்தாக இருப்பதால் சிக்னல் படுத்துவிடும். அங்கிருந்து ஏறத்தாழ 35 பாகை திருப்பினால் நீலம் மங்கும், டெராஹெர்ட்ஸ் எழும்.

சிக்னல் குறைந்தால் உடனே லேசர் ஆற்றலைக் கூட்டாதீர்கள். பிளாஸ்மா நீண்டு லென்ஸ் பக்கம் நகரும், கற்றை சிதறும், பலன் தேங்கிவிடும். முதலில் பிபிஓவை முன்னும் பின்னும் நகர்த்திப் பாருங்கள். காற்றில் இரு நிறமும் ஓடும் வேகம் வேறு. அதனால் ஒரு உச்சத்துக்கும் அடுத்ததற்கும் இடையே சுமார் 25 மிமீ; நடுவில், ஏறத்தாழ 13 மிமீ தள்ளி, சிக்னல் அறவே படுக்கும். படிகத்தைக் கழற்றித் துடைத்து மாட்டினாலே இடமும் கோணமும் மாறும், திரும்பவும் தேட வேண்டியதுதான்.

மிச்ச லேசர் ஒளியைத் தடுக்க உயர் மின்தடைச் சிலிக்கன் தகடு. கற்றை நன்றாக விரிந்த இடத்தில் வையுங்கள். குவியத்தருகே வைத்தால் ஒளியே தகட்டில் மின்சுமைகளைக் கிளப்பி, டெராஹெர்ட்ஸை விழுங்கிவிடும். 0.5 மிமீ தகடு என்றால் முதன்மைத் துடிப்புக்கு 11.4 பிக்கோநொடி கழித்து ஒரு எதிரொலி வரும். அதை மாதிரியின் குணம் என்று நினைத்துவிடக் கூடாது.

ஈரப்பதம் இன்னொரு தலைவலி. நிறமாலையில் 0.557, 0.752, 1.097 டெராஹெர்ட்ஸில் பள்ளம் தெரிந்தால் பெட்டிக்குள் உலர் நைட்ரஜன் போதவில்லை.

டெராஹெர்ட்ஸை உணர்வதற்கு 1 மிமீ துத்தநாக டெலுரைடு படிகம் சுலபம், ஆனால் 3 டெராஹெர்ட்ஸுக்கு மேல் கைவிடும். மெல்லிய காலியம் பாஸ்ஃபைடு 7 வரை தாங்கும், சிக்னல் சிறிது. பாதுகாப்புக் கண்ணாடி 800, 400 இரண்டையும் தடுக்க வேண்டும். 800க்கு மட்டும் வாங்கியது இங்கே உதவாது.