மட்டக்களப்பு – கொழும்பு இரவு பஸ்: காசுக்கு வரும் மொட் கோப்பை வாங்க வேண்டாம்

யூரோ ட்ரக் சிமுலேட்டர் 2 என்ற வாகனம் ஓட்டும் கணினி விளையாட்டை விளையாடுகிற மட்டக்களப்பு, கல்முனை, அக்கரைப்பற்றுப் பக்கத்துப் பிள்ளைகள் இதைக் கட்டாயம் வாசியுங்கள். ‘மட்டக்களப்பு – கொழும்பு இரவு பஸ், முழுப் பதிப்பு’ என்ற பெயரில் ஒரு மொட் (விளையாட்டுக்குள் ரசிகர்கள் செய்து சேர்க்கும் கூடுதல் கோப்பு) வட்ஸ்அப் குழுக்களில் 1,500 ரூபாய்க்கு விற்கப்படுகிறது. அது நான் செய்து இலவசமாகப் போட்ட பஸ். விற்பவன் யார் என்றே எனக்குத் தெரியாது. அதைவிடப் பெரிய பிரச்சினை, அவன் கொடுக்கும் ஸிப் கோப்புக்குள் என் பஸ்ஸோடு கணக்குத் திருடும் வைரஸ் ஒன்றும் சேர்ந்தே வருகிறது. களுவாஞ்சிக்குடியில் ஒரு தம்பி அதை வாங்கிப் போட்டு, விளையாட்டுகள் வாங்கி வைத்திருந்த ஸ்டீம் கணக்கையும் முகநூலையும் ஒரே இரவில் பறிகொடுத்துவிட்டான்.

அந்த பஸ்ஸைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். என் அப்பா இலங்கைப் போக்குவரத்துச் சபையில் கண்டக்டராக இருந்தவர். அவர் போன சிவப்பு லேலண்ட் பஸ்ஸை பிளெண்டர் என்ற முப்பரிமாண வரைகலை மென்பொருளில் ஒவ்வொரு தகடாக வரைந்தேன். மூன்று மொழியிலும் எழுதிய ஊர்ப் பலகை, டிரைவருக்குப் பக்கத்தில் சூடேறிக் கிடக்கும் எஞ்சின் மூடி, முன்னால் வெள்ளை இலக்கத் தகடு, பின்னால் மஞ்சள் தகடு எல்லாம் அதில் இருக்கின்றன. பின் தகட்டில் உள்ள இலக்கம் அப்பா வேலை செய்த பஸ்ஸின் இலக்கம். மொட் பகிரும் ஒரு தளத்தில் அதைப் போட்டபோது நிபந்தனையையும் தெளிவாக எழுதினேன்: யாரும் எடுத்து ஓட்டலாம், மாற்றலாம், செய்தவர் பெயரை வையுங்கள், விற்காதீர்கள். அக்கரைப்பற்றிலிருந்து ஒருவர் உண்மையான ஹோர்ன் சத்தத்தைப் பதிந்து அனுப்பினார். யாழ்ப்பாணத்துப் பெடியன் ஒருவன் இரவு விளக்குகளைத் திருத்தித் தந்தான். அவர்கள் பெயரும் அந்தப் பக்கத்தில் இருக்கிறது. முகம் தெரியாத மனிதர்கள் இப்படி ஒரு பஸ்ஸுக்காகச் சேர்ந்து வேலை செய்தது எனக்குப் பெரிய சந்தோசம். அதனால்தான் இப்போது இவ்வளவு கோபமும் வருகிறது.

இந்தத் திருட்டு எனக்குத் தெரியவந்ததே அந்தக் களுவாஞ்சிக்குடித் தம்பியால்தான். “அண்ணா, காசும் கட்டிட்டன், பஸ் கேமுக்குள்ள வருதில்ல. வேற கடவுச்சொல் இருக்கா?” என்று எழுதியிருந்தான். நான் யாரிடமும் காசு வாங்குவதில்லையே தம்பி என்று சொல்லி, விற்பவன் போட்ட படங்களைக் கேட்டு வாங்கினேன். முன் கண்ணாடியில் இருந்த என் பெயரை அழித்துத் தன் பெயரைப் போட்டிருந்தான். பின்னால் மஞ்சள் தகட்டில் அப்பாவின் பஸ் இலக்கம் அப்படியே இருந்தது. பிறகு தேடியபோது, நான் பகிர்ந்த அதே தளத்திலும் வேறொரு கணக்கில் என் பஸ் அவன் பெயரில் கிடந்தது. அங்கே படங்கள் மட்டும்தான். முழுக் கோப்பு வேண்டுமென்றால் வட்ஸ்அப்புக்கு வரச் சொல்லி எழுதியிருந்தான்.

பொறியை அவன் வைத்த விதத்தைப் பாருங்கள். முதலில் தம்பி, நானும் நம்ம ஊர்தான் என்று கதை. காசு போனதும் ஒரு ஸிப், அதற்கு ஒரு கடவுச்சொல். கடவுச்சொல் போட்டுப் பூட்டிய கோப்புக்குள் என்ன இருக்கிறதென்று வைரஸ் தடுப்பு மென்பொருளால் திறந்து பார்க்க முடியாது, அதற்காகத்தான் அந்தப் பூட்டு. பிரித்தால் உள்ளே ‘செட்டப்’ என்று ஓர் இஎக்ஸ்இ கோப்பு, அதாவது திறந்தவுடன் ஓடும் நிரல். கூடவே ஒரு குறிப்பு: விண்டோஸ் டிஃபெண்டர் (விண்டோஸோடு வரும் வைரஸ் தடுப்பு) பொய்யாக வைரஸ் என்று காட்டும், அதை நிறுத்திவிட்டு ஓட்டுங்கள். இந்த இடத்தில் எல்லோரும் நின்றுவிட வேண்டும். இந்த விளையாட்டின் வாகன மொட் எதற்கும் செட்டப் தேவையே இல்லை. எஸ்சிஎஸ் என்று முடியும் கோப்பை டொக்குமெண்ட்ஸுக்குள் இருக்கும் விளையாட்டின் ‘மொட்’ ஃபோல்டரில் போட்டு, விளையாட்டுக்குள் மொட் மனேஜரில் போய் இயக்கினால் சரி. அதற்குள் இருப்பது வடிவங்களும் படங்களும் சத்தங்களும் அமைப்பு விபரங்களும்தான்.

அந்த செட்டப் ஓடியதும் திரையில் எதுவும் நடக்கவில்லை. பின்னணியில் அது பிரவுசரில் சேமித்திருந்த கடவுச்சொற்களையும் குக்கீகளையும் அள்ளிக்கொண்டு போய்விட்டது. குக்கீ என்பது நீங்கள் ஏற்கெனவே உள்நுழைந்துவிட்டீர்கள் என்பதற்கான அடையாளச் சீட்டு. அது கையில் இருந்தால் கடவுச்சொல்லும் வேண்டாம், போனுக்கு வரும் குறியீடும் பெரும்பாலும் வேண்டாம். விடியுமுன் தம்பியின் முகநூலிலிருந்து சொந்தக்காரருக்கெல்லாம் ‘அவசரமாகக் காசு வேண்டும்’ என்று செய்தி போயிருக்கிறது. அவன் மாமி நம்பிக் காசு அனுப்பிவிட்டார். கட்டாரில் இருக்கும் அண்ணன் உழைத்து அனுப்பிய லப்டொப்தான் அது. தம்பியின் தாய் என்னிடம், “மகன், பிள்ளை சாப்பிடாமக் கிடக்கான், அவன்ட பேர்லயா இனிப் பொலிஸ் வரும்?” என்று கேட்டபோது எனக்குத் தாங்கவில்லை. வராது அம்மா, அவன் ஏமாற்றப்பட்டவன் என்று திரும்பத் திரும்பச் சொல்ல வேண்டியிருந்தது.

தளம் நடத்துபவர்கள் நடந்துகொண்ட விதமும் சரியில்லை. நான் பிளெண்டர் மூலக் கோப்புகள், இடைக்காலப் படங்கள், முதலில் பதிவேற்றிய திகதி எல்லாம் அனுப்பினேன். ‘உங்களுக்குள் பேசித் தீர்த்துக்கொள்ளுங்கள்’ என்று பதில் வந்தது. வைரஸ் என்று எச்சரித்து அந்தப் பக்கத்தின் கீழே எழுதியவர்களின் வரிகளை விற்பவனே அழித்துக்கொண்டிருந்தான், அதற்கு அவனுக்கு அனுமதி இருந்தது. வாரக்கணக்கில் அலைந்த பிறகு பக்கத்தை மட்டும் நீக்கினார்கள். கணக்கை விட்டுவைத்தார்கள். அவன் வேறு பெயரில் மறுபடியும் ஏற்றிவிட்டான். ஆயிரக்கணக்கான பிள்ளைகள் வந்து போகும் தளத்தை நடத்துபவர்களுக்கு இதைவிடக் கூடுதல் பொறுப்பு உண்டு.

பெரிய விளையாட்டுகளிலும் இது நடந்திருக்கிறது. 2015 மே மாதம் ஜிடிஏ 5 விளையாட்டின் ‘ஆங்ரி பிளேன்ஸ்’, ‘நோகிளிப்’ என்ற இரண்டு மொட்களில் தீய நிரல் இருந்தது தெரியவந்தது. 2023 ஜூனில் மைன்கிராஃப்ட் மொட்கள் வழியாக ‘ஃபிராக்சரைசர்’ என்ற வைரஸ் பரவியது. கேர்ஸ்ஃபோர்ஜ், பக்கிட் போன்ற பெயர்பெற்ற தளங்களிலேயே கணக்குகளைப் பிடித்து நல்ல மொட்களுக்குள் நுழைத்திருந்தார்கள். அதே வருட நத்தார் தினத்தில் ‘ஸ்லே த ஸ்பையர்’ விளையாட்டின் டவுன்ஃபோல் விரிவாக்கத்துக்கு ஸ்டீம் வழியாகவே கெட்ட அப்டேட் ஒன்று போனது. ஆகவே செய்தவரின் சொந்தப் பக்கத்தில் எடுத்தாலும் கண்ணைத் திறந்து வைத்திருங்கள். மைன்கிராஃப்ட் விளையாடுபவர்கள் இன்னும் கவனமாக இருக்க வேண்டும், அதன் மொட் என்பதே ஓடும் நிரல். இஎக்ஸ்இ, டிஎல்எல் போன்ற நிரல் கோப்பு எது வந்தாலும் முதலில் வைரஸ்டோட்டல் என்ற கோப்புச் சோதனைத் தளத்தில் ஏற்றிப் பாருங்கள். அதில் சுத்தம் என்று வந்தாலும் புதிய வைரஸ் தப்பிவிடலாம். டிஃபெண்டரை நிறுத்தச் சொன்னால் அந்தக் கோப்பை அழித்துவிடுங்கள்.

ஏற்கெனவே ஓட்டிவிட்டவர்கள் அந்தக் கணினியில் கடவுச்சொல்லை மாற்ற வேண்டாம், புதியதும் அவனுக்கே போகும். முதலில் இணையத்தைத் துண்டியுங்கள். வேறொரு போனில் மின்னஞ்சலிலிருந்து தொடங்குங்கள். கடவுச்சொல்லை மாற்றி, எல்லாச் சாதனங்களிலிருந்தும் வெளியேற்றும் வசதியை அழுத்துங்கள். திருடிய குக்கீ அப்போதுதான் செத்துப்போகும். மீட்பு இலக்கம், மீட்பு மின்னஞ்சல் மாற்றப்பட்டிருக்கிறதா என்றும் பாருங்கள். பிறகு ஸ்டீம், முகநூல், வங்கி. அப்புறம் விண்டோஸைப் புதிதாகப் போடுங்கள், வைரஸை அழித்துவிட்டோம் என்று நம்பி விட்டுவிட வேண்டாம். வட்ஸ்அப் உரையாடலை அழிக்காதீர்கள். அதுவும் காசு கட்டிய சீட்டும்தான் சாட்சி.

முறைப்பாட்டை பொலிஸில் கொடுத்திருக்கிறோம், நாட்டின் கணினிப் பாதுகாப்பு அமைப்பான ஸ்ரீலங்கா சேர்ட்டுக்கும் எழுதியிருக்கிறோம். கணக்குத் திருட்டுக்கு 2007 ஆம் ஆண்டின் 24 ஆம் இலக்கக் கணினிக் குற்றச் சட்டம் இருக்கிறது. என் வேலையைத் திருடியதற்கு 2003 ஆம் ஆண்டின் 36 ஆம் இலக்கப் புலமைச் சொத்துச் சட்டம் இருக்கிறது. இதே ஆளிடம் ஏமாந்த வேறு யாரும் இருந்தால் வெட்கப்படாமல் நீங்களும் முறைப்பாடு செய்யுங்கள், ஒரே வங்கிக் கணக்கு இலக்கம் பல முறைப்பாடுகளில் வந்தால் தேடுவது இலகு.

தம்பியின் முகநூல் திரும்பிவிட்டது. ஸ்டீம் இன்னும் இல்லை. விளையாட்டு வாங்கியபோது வந்த ரசீதுகளை அவன் பழைய மின்னஞ்சலில் தேடி எடுத்து ஸ்டீம் உதவிப் பிரிவுக்கு அனுப்பியிருக்கிறோம். என் பஸ் பழைய பக்கத்திலேயே இலவசமாக இருக்கிறது, கடவுச்சொல் எதுவும் இல்லை.