மூட்டுவலிக்கு எம்எஸ்எம் கலந்த மாத்திரை: வாங்கும் முன் அட்டையின் பின்பக்கத்தைப் படியுங்கள்

மூட்டுத் தேய்மானம் என்றாலே மெடிக்கல் ஷாப்பில் எடுத்துக் கொடுக்கும் குளுக்கோசமைன் (மூட்டுக் குருத்தெலும்பில் இருக்கும் ஒரு பொருள்), எம்எஸ்எம் கலவை மாத்திரையை என் அம்மா சில மாதங்கள் சாப்பிட்டார். பிராண்ட் பெயர் சொல்லப் போவதில்லை, ஏனென்றால் இதே கலவை பல பெயர்களில் விற்கிறது. மாத்திரை நல்ல நீளம், பாதியாக உடைத்துத்தான் அம்மாவால் விழுங்க முடிந்தது. வலி கொஞ்சம் குறைந்தது என்றார், ஆனால் மாடிப்படி இறங்கும்போது கைப்பிடியைப் பிடிப்பது மாறவில்லை.

எம்எஸ்எம் என்பது கந்தகம் உள்ள ஒரு சேர்மம், முழுப்பெயர் மீத்தைல்சல்போனைல்மீத்தேன். இது மூட்டுவலிக்குக் கேட்குமா என்று ஆட்களை வைத்துச் சோதித்துப் பார்த்திருக்கிறார்கள், ஆனால் எல்லாமே சின்னச் சின்ன ஆய்வுகள். 2006-ல் அமெரிக்காவில் 50 பேரை வைத்து நடந்த ஆய்வில், ஒரு நாளைக்கு 6 கிராம் வீதம் 12 வாரம் கொடுத்தபோது முழங்கால் வலி போலி மாத்திரை (ஒப்பிட்டுப் பார்க்கக் கொடுக்கும், மருந்தே இல்லாத மாத்திரை) சாப்பிட்டவர்களைவிட ஓரளவு அதிகமாகக் குறைந்தது, மூட்டு இறுக்கத்தில் வித்தியாசம் தெரியவில்லை. 2011-ல் இஸ்ரேலில் 49 பேருக்குத் தினம் சுமார் 3.4 கிராம் கொடுத்துப் பார்த்தார்கள், பலன் இருந்தது, ஆனால் சிறியது, நோயாளிக்கு அது உண்மையில் உதவுகிற அளவா என்று உறுதியாகச் சொல்ல முடியாது என்று ஆய்வாளர்களே எழுதிவிட்டார்கள். அதற்கு முன்பே, 2008-ல், இங்கிலாந்தின் சவுத்தாம்ப்டன் பல்கலைக்கழகத்துக்காரர்கள் எம்எஸ்எம், அதன் உறவுக்காரச் சேர்மமான டிஎம்எஸ்ஓ இரண்டையும் பற்றி வந்திருந்த ஆய்வுகளை அலசி, தீர்மானமாக எதையும் சொல்ல இந்த ஆதாரம் போதாது என்றார்கள்.

இப்போது அட்டையைத் திருப்பிப் பாருங்கள். நான் வாங்கியதில் ஒரு மாத்திரைக்கு எம்எஸ்எம் 250 மில்லிகிராம். தினம் இரண்டு போட்டால் அரை கிராம். பலன் தெரிந்ததாகச் சொல்லும் ஆய்வில் கொடுத்தது 6 கிராம், அதாவது பன்னிரண்டு மடங்கு! 2004-ல் ஹைதராபாத்தில் 118 பேரிடம் நடந்த ஆய்வில் எம்எஸ்எம் அளவு குறைவுதான், தினம் ஒன்றரை கிராம், அதுகூட இதைவிட மூன்று மடங்கு. இதுதான் எனக்குப் பெரிய வருத்தம். வலி பொறுக்க முடியாமல் மாதாமாதம் காசு கொடுத்து வாங்குகிற பெரியவர்களுக்கு இதை யார் சொல்வது?

வலி குறைந்தது என்று அம்மா சொன்னது பொய்யில்லை. ஆனால் அமெரிக்காவில் 1,583 பேரிடம் குளுக்கோசமைன், அதேபோல மூட்டுக்கென்று விற்கும் காண்ட்ராய்டின் சல்பேட் இரண்டையும் சோதித்த பெரிய ஆய்வில் (2006), போலி மாத்திரை சாப்பிட்டவர்களிலேயே சுமார் 60 சதவீதம் பேருக்கு வலி ஐந்தில் ஒரு பங்காவது குறைந்திருந்தது. மூட்டுவலி தானாகவே ஏறி இறங்கும் வலி, ரொம்ப மோசமாக இருக்கும்போதுதான் நாம் மாத்திரை தேடிப் போகிறோம். அப்புறம் குறைந்தால் பெயர் மாத்திரைக்குப் போய்விடுகிறது.

இன்னொன்றும் கவனிக்க வேண்டும். சில அட்டைகளில் இவற்றோடு டயாசெரின் என்ற மருந்தும் 50 மில்லிகிராம் சேர்ந்திருக்கும். அது வயிற்றுப்போக்கை உண்டாக்கும், சிறுநீர் அடர் மஞ்சளாகும். 65 வயது தாண்டியவர்களுக்கு அதைப் பரிந்துரைப்பதில்லை என்று ஐரோப்பிய மருந்து அமைப்பு 2014-லேயே சொல்லிவிட்டது. நம் வீட்டில் முழங்கால் வலி என்று சொல்பவர்கள் பெரும்பாலும் அந்த வயதுக்காரர்கள்தான். இரத்தம் உறையாமலிருக்க வார்ஃபரின் சாப்பிடுகிறவர்களும் டாக்டரிடம் கேட்காமல் குளுக்கோசமைனைத் தொட வேண்டாம். நண்டு, இறால் ஒத்துக்கொள்ளாதவர்களும் கேட்டுக்கொள்வது நல்லது, குளுக்கோசமைனைப் பெரும்பாலும் அவற்றின் ஓட்டிலிருந்துதான் எடுக்கிறார்கள்.

என் மதிப்பெண் ஐந்துக்கு ஒன்றரை. அடுத்த அட்டை வாங்கவில்லை, அந்தக் காசு பிசியோதெரபிக்குப் போகிறது. முழங்காலுக்கு அடியில் துண்டைச் சுருட்டி வைத்து, அதை அழுத்தியபடி தொடைத் தசையை இறுக்கிப் பிடித்து விடும் பயிற்சியை அம்மா காலையில் டிவி பார்த்துக்கொண்டே செய்கிறார். தசைக்கு வலுவேற்றும் பயிற்சியையும் எடை குறைப்பதையும் மூட்டுவலிக்கான வழிகாட்டுதல்கள் எல்லாமே முதலில் வைக்கின்றன. இல்லை, எம்எஸ்எம்மைத்தான் முயன்று பார்க்கணும் என்றால் டாக்டரிடம் அளவைக் கேட்டு, மூன்று மாதம் பாருங்கள். படி ஏறுவதிலும் தரையிலிருந்து எழுவதிலும் மாற்றம் தெரியவில்லை என்றால் நிறுத்திவிடுங்கள்.