மெயின் கிளைக்குக் காவல்: கணினியில் ஹூக் வைப்பதா, கிட்ஹப்பில் சோதனை வைப்பதா?

திருகோணமலை உவர்மலையில் இயங்கும் எங்கள் ஐவர் குழு, நிலாவெளி, உப்புவெளி விடுதிகளுக்கான முன்பதிவு மென்பொருளை எழுதி வருகிறது. நிரலின் மாற்றங்களைப் பதிந்து வைக்க கிட் என்ற கருவியையும், அவற்றை இணையத்தில் வைக்க கிட்ஹப் தளத்தையும் பயன்படுத்துகிறோம். ஒரே நிரலில் தனித்தனியாக வளரும் வழிகளைக் கிளைகள் என்போம்; விடுதிகளுக்குப் போவது மெயின் கிளை. சுற்றுலாப் பருவம் சூடுபிடித்திருந்த ஒரு நாள், பரீட்சார்த்தக் கிளை ஒன்றை நானே நேராக மெயினில் இணைத்துவிட, முடிவாகாத அறை வாடகைகள் விடுதிகளின் திரைகளில் தோன்றின. அதன் பின்னர், அன்றாட வேலை சேரும் டெவலப் கிளையும், அவசரத் திருத்தங்களுக்கான, ஹாட்ஃபிக்ஸ் என்று பெயர் தொடங்கும் கிளைகளும் மட்டுமே மெயினுக்குள் வரலாம் என்று விதித்தோம். அந்த விதியை எங்கே நிறுத்துவது என்பதற்கு மூன்று வழிகளைச் செய்து பார்த்தோம்.

முதல் வழி, அவரவர் கணினியில் வைக்கும் ஹூக், அதாவது கிட் ஒரு செயலைச் செய்யும்போது தானாக ஓடும் சிறு நிரல். கிட் 2.24 பதிப்பில், 2019இல், இணைப்பைப் பதியும் முன் ஓடும் ப்ரீ-மெர்ஜ்-கமிட் என்ற ஹூக் வந்தது. எழுதுவது எளிது, இணையம் இல்லாமலே தடுக்கும். ஆனால் புதிய கமிட் (பதிந்த மாற்றம்) எதுவும் உருவாகாமல் கிளை முன்னே நகரும் ஃபாஸ்ட்-ஃபார்வர்ட் இணைப்பில் அது ஓடுவதில்லை, கட்டளையில் நோ-வெரிஃபை என்று சேர்த்தால் எவரும் தாண்டிவிடலாம்.

இரண்டாவது, சொந்த சேர்வரில் வைக்கும், மாற்றங்கள் வந்து சேரும்போது ஓடும் அப்டேட் ஹூக். இதைத் தாண்ட முடியாது. எனினும் அதற்குக் கிடைப்பவை இலக்குக் கிளையின் பெயரும் பழைய, புதிய கமிட்டுகளின் அடையாளங்களும் மட்டுமே; எந்தக் கிளையிலிருந்து வந்தது என்பதை கிட் பதிந்து வைப்பதில்லை. எனவே ஒவ்வொரு கமிட்டுக்கும் முந்திய பெற்றோர் கமிட்டுகளின் வழியே வரலாற்றைத் தேட வேண்டியிருந்தது. சில வாரங்களே வைத்திருந்தோம் என்பதால் இதைப் பற்றி உறுதியாகத் தீர்ப்புச் சொல்ல மாட்டேன்.

நாங்கள் நிலைத்தது மூன்றாவதில். கிட்ஹப்பின் கிளைப் பாதுகாப்பு விதி, எத்தனை பேர் ஒப்புதல் தர வேண்டும், எந்தச் சோதனைகள் தேற வேண்டும் என்றெல்லாம் கேட்குமே தவிர, மூலக் கிளை எது என்று கேட்பதில்லை. ஆகவே ஒரு கிளையை இணைக்கக் கேட்கும் புல் ரிக்வெஸ்ட்டின் மூலக் கிளைப் பெயரைப் பார்த்து, பொருந்தாவிட்டால் தோற்கும், கிட்ஹப் தானாக ஓட்டும் சிறு ஆக்ஷன்ஸ் வேலை ஒன்றை எழுதி, அதைக் கட்டாயச் சோதனையாக்கினோம்.

இதைத் தேர்ந்ததற்குக் காரணம் பராமரிப்பு ஒன்றுதான். கணினியில் வைக்கும் ஹூக், ரெப்போவை (நிரலும் அதன் வரலாறும் இருக்கும் களஞ்சியத்தை) குளோன் செய்து தம் கணினிக்குப் படியெடுக்கும்போது கூடவே வருவதில்லை. பயிற்சிக்கு ஒருவர் புதிதாகச் சேர்ந்தாலும், பழுதான மடிக்கணினியை மாற்றினாலும், மறக்காமல் மீண்டும் நிறுவ வேண்டும். ஹூக்குகளின் கோப்புறையை ரெப்போவுக்குள்ளேயே வைத்து, அவை இருக்கும் இடத்தைச் சொல்லும் ஹூக்ஸ்பாத் அமைப்பால் சுட்டலாம்; அந்த அமைப்பையும் ஒவ்வொரு கணினியிலும் ஒருவர் செய்தாக வேண்டும். அதைச் செய்யாத கணினி எது என்பது தவறு நடந்த பிறகே தெரியவரும். கிட்ஹப் சோதனையோ ஒரே இடத்தில் இருக்கிறது. விதியை மாற்ற ஒரு கோப்பைத் திருத்தினால் போதும்.

எழுதும்போது இரண்டு இடங்களில் கவனம் தேவை. நிபந்தனையை வேலையின் தலைப்பில் வைத்தால், பொருந்தாதபோது வேலை முழுவதும் தவிர்க்கப்படும்; தவிர்க்கப்பட்ட வேலை வெற்றி என்றே பதிவாகி வாசல் திறந்துவிடும். ஆகவே உள்ளே ஒரு படியில் வெளிப்படையாகத் தோற்கச் செய்ய வேண்டும். ரெப்போவை ஃபோர்க் செய்து, அதாவது தம் கணக்கில் படியெடுத்து வைத்தவரும் தம் கிளைக்கு டெவலப் என்று பெயரிடலாம் என்பதால், மூல ரெப்போ நம்முடையதுதானா என்பதையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். தனியார் ரெப்போவில் பாதுகாப்பு விதிக்குக் கட்டணத் திட்டம் தேவை. அந்தச் செலவை நாங்கள் ஏற்றுக்கொண்டோம்.

ஐந்து பேருக்கு மேற்பட்ட குழுவில் நான் இதை நடத்திப் பார்த்ததில்லை.