கூலன்ட் புனல்: மூன்று வருடப் புழக்கத்துக்குப் பிறகு

ஒரு புனல், நாலைந்து அடாப்டர் மூடிகள், வளைந்த குழாய் ஒன்று, அடைப்பான் கம்பி ஒன்று. கார் ரேடியேட்டரில் கூலன்ட் (இன்ஜினைக் குளிர்விக்கும் திரவம்) மாற்றியபின் உள்ளே மாட்டிய காற்றை எடுக்க என்று விற்கும் செட்டில் இருப்பது இவ்வளவுதான். தர்மபுரி வெயிலில் மூன்று கோடை புழங்கிய செட்டைப் பற்றிய கணக்கு இது. முதலிலேயே ஒன்றைச் சொல்லிவிடலாம்: காற்றை வெளியேற்றுவது புனல் இல்லை. இன்ஜினில் உள்ள எல்லா இடத்தையும்விட உயரத்தில் கூலன்ட்டை நிறுத்தி வைப்பது மட்டும்தான் அதன் வேலை. மிச்சத்தைச் சூடும் நேரமும் பார்த்துக்கொள்ளும். அந்த நேரத்தைக் கொடுக்கப் பொறுமை இல்லாதவருக்கு இந்த செட் வெறும் பிளாஸ்டிக்.

உள்ளே எவ்வளவு காற்று நிற்கிறது என்பதை ஊகிக்கவே வேண்டாம், அளந்துவிடலாம். சின்ன பெட்ரோல் காரில் மொத்தம் 4 முதல் 5 லிட்டர் கூலன்ட் பிடிக்கும். ரேடியேட்டர் அடியில் இருக்கும் திருகைத் திறந்தால் இறங்குவது பாதிக்குக் கொஞ்சம் மேல். மீதி இன்ஜின் பிளாக்கிலும், வண்டிக்குள் சூடு தரும் ஹீட்டர் கோரிலும் நின்றுவிடும். இறங்கியதை அளவுக்கோடு போட்ட வாளியில் பிடியுங்கள். 3 லிட்டர் இறங்கிய வண்டியில் 2.2 லிட்டர் ஊற்றியதுமே கழுத்துவரை வந்துவிட்டதென்றால் 800 மில்லி காற்று உள்ளே உட்கார்ந்திருக்கிறது. அதோடு மூடியைத் திருகி அனுப்பினால், வண்டி ஊருக்குள் ஓடும்வரை ஒன்றும் தெரியாது. ஏற்றத்தில்தான் குட்டு வெளிப்படும்.

காற்று போய் ஒளியும் இடங்கள் மூன்று: தெர்மோஸ்டாட்டை (சூடானதும் திறந்து கூலன்ட்டை ரேடியேட்டருக்கு விடும் வால்வு) ஒட்டிய பகுதி, சிலிண்டர் ஹெட்டின் மேல் மூலை, டேஷ்போர்டுக்குள் இருக்கும் ஹீட்டர் கோர். டெம்பரேச்சர் சென்சாரின் முனை காற்றுக்குள் மாட்டிக்கொண்டால் ரீடிங் இறங்கும், திடீரென்று ஏறும். ஐட்லில் ஹீட்டர் ஜில்லென்று வீசி, ஆக்சிலரேட்டர் கொடுத்தால் சூடாக வீசினால் காற்று ஹீட்டர் கோரில். கிளம்பும்போது டேஷ்போர்டுக்குப் பின்னால் ஓடை ஓடுகிற மாதிரி சலசலப்பு கேட்டாலும் அதுவேதான். வாட்டர் பம்ப் திரவத்தைத்தான் தள்ளும். காற்று வந்தால் சும்மா சுழலும். அந்த நேரம் ஹெட்டில் சூடு ஓரிடத்தில் குவியும். ஹெட்டுக்கும் பிளாக்குக்கும் நடுவே அடைப்பாக இருக்கும் ஹெட் கேஸ்கெட் போவது இப்படித்தான் தொடங்குகிறது. தெர்மோஸ்டாட் மாற்றியிருந்தால், அதன் தட்டில் ஒரு ஓட்டைக்குள் ஆடுகிற சின்ன ஊசி மேல்பக்கம் வருமாறு மாட்டினார்களா என்று கேளுங்கள். காற்று கசிந்து போகத்தான் அந்த ஓட்டை. கீழே திருப்பி மாட்டினால் புனல் என்ன செய்யும்?

ஊற்றுவதில் நம் பக்கத்துக்கு என்று ஒரு எச்சரிக்கை உண்டு. தர்மபுரி, கிருஷ்ணகிரி போர் தண்ணியில் ஃப்ளோரைடு அதிகம் என்றுதான் ஒகேனக்கல் குடிநீர்த் திட்டமே வந்தது. ரேடியேட்டருக்குப் பகை அதே தண்ணியில் இருக்கும் சுண்ணாம்புச் சத்து. சட்டி அடியில் படிகிற வெள்ளைப் படிவம் ரேடியேட்டரின் மெல்லிய குழாய்களிலும் படியும். ஆகவே பேட்டரிக்கு ஊற்றும் டிஸ்டில்டு வாட்டர் மட்டும். உள்ளே தண்ணி விட்டுக் கழுவிய இன்ஜின் என்றால் உள்ளே ஒன்றரை லிட்டர் வெறும் தண்ணி நிற்கும். அதன்மேல் கலந்து விற்கும் கூலன்ட்டை ஊற்றினால் நீர்த்துப் போகும். மொத்தக் கொள்ளளவில் பாதியைக் கலக்காத கூலன்ட்டாக முதலில் ஊற்றி, பிறகு டிஸ்டில்டு வாட்டரால் நிரப்புவதே சரி. நிறத்தைப் பார்த்து வாங்காதீர்கள், மேனுவலில் சொன்ன வகையைப் பாருங்கள்.

வேலைக்கு வருவோம். மூடி ரேடியேட்டரின் மேலேயே இருக்கும் வண்டி என்றால் வாசல் சரிவில் முன்சக்கரம் மேலே இருக்கும்படி நிறுத்தி, பின்சக்கரங்களுக்குக் கல் வையுங்கள். இன்ஜின் முழுக்க ஆறியிருக்க வேண்டும். பொருந்தும் அடாப்டரை மாட்டி, புனலில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் ஊற்றாதீர்கள். தெர்மோஸ்டாட் திறக்கும்போது குபுக்கென்று ஏறும். ஹீட்டரை முழுச் சூட்டில் வைத்து, ஏசியை அணைத்துவிடுங்கள். ஏசி ஓடினால் ரேடியேட்டர் ஃபேனும் கூடவே ஓடும். பல வண்டிகளில் ஹீட்டர் கோருக்கு வால்வே கிடையாது, எப்போதும் கூலன்ட் ஓடிக்கொண்டுதான் இருக்கும். அப்படியும் ஹீட்டரைப் போட்டு வைப்பது உள்ளே சூடு வருகிறதா என்று கையை நீட்டிப் பார்க்கத்தான்.

முதல் ஐந்து நிமிடம் பெரிய குமிழ்கள் வரும், பிறகு அடங்கும். இங்கேதான் பாதிப் பேர் ஏமாறுகிறார்கள். தெர்மோஸ்டாட் இன்னும் திறந்திருக்காது. மேல் ஹோஸ் கைசுடும் அளவுக்கு வரும்போது, பெரும்பாலும் 12 முதல் 15 நிமிடத்தில், புனலின் மட்டம் சட்டென்று இறங்கும், இரண்டாவது சுற்றுக் குமிழ் கிளம்பும். உண்மையான காற்று இதுதான். ஹோஸைத் துணி சுற்றி, பசுவின் மடியைப் பிடித்துவிடுகிற மாதிரி கீழிருந்து மேலாக விட்டுவிட்டு அமுக்கிக் கொடுங்கள். ஃபேன் இரண்டு முறை ஓடி நிற்கும்வரை இன்ஜின் ஓடட்டும். ரொம்ப ரேஸ் கொடுக்க வேண்டாம்: புனல் மாட்டியிருக்கும்போது உள்ளே பிரஷர் இல்லை. பாதிக்குப் பாதி கலவை 106 டிகிரியை ஒட்டியே கொதித்துவிடும். 0.9 பார் மூடி போட்டிருந்தால் அதுவே 125-ஐத் தாண்டித் தாக்குப்பிடிக்கும்.

இன்ஜினை நிறுத்தியபின் புனலைக் கழற்றக் கை அரிக்கும். கழற்றாதீர்கள். ஆறும்போது கூலன்ட் சுருங்கி, புனலில் இருப்பதை உள்ளே இழுக்கும். மாட்டிக்கொண்டிருந்த கடைசிக் காற்றின் இடத்தை அதுதான் நிரப்பும். ஒரு மணி நேரமாவது போகட்டும். பிறகு அடைப்பான் கம்பியைப் போட்டு, மிச்சத்தோடு புனலை எடுத்து, ரிசர்வ் டேங்கில் இரண்டு கோடுகளுக்கும் நடுவே நிரப்புங்கள்.

மூடி ரேடியேட்டரில் இல்லாமல் தனி பிளாஸ்டிக் டேங்கில் இருக்கும், அதாவது பிரஷர் டேங்க் வைத்த வண்டிகளுக்கு இந்த முறை அப்படியே பொருந்தாது. டேங்க் பானெட்டுக்குள் பின்பக்கம், முன்கண்ணாடிக்கு அருகில் இருந்தால், முன்பக்கத்தைத் தூக்கும்போது டேங்க்தான் தாழ்ந்துபோகும். அவற்றைச் சமதளத்தில் நிறுத்தி, ஹோஸிலோ தெர்மோஸ்டாட் கூட்டிலோ இருக்கும் ஏர் திருகைத் திறந்து, குமிழ் இல்லாமல் ஒரே கோடாகக் கூலன்ட் வரும்வரை ஊற்ற வேண்டும். இந்த செட்டின் பெரிய குறையும் இங்கேதான்: மரை போட்ட டேங்க் கழுத்துக்கு அடாப்டர் பல செட்களில் இருப்பதில்லை. வாங்கும் முன் உங்கள் மூடியைக் கையில் கொண்டுபோய்ப் பொருத்திப் பாருங்கள்.

தேய்மானம்: புனல் இன்னும் நன்றாக இருக்கிறது, மஞ்சள் பூத்திருக்கிறது, அவ்வளவுதான். அடாப்டரின் ரப்பர் வளையம் இரண்டாம் வருடமே விறைத்து, கழுத்தோரம் கசிய ஆரம்பித்தது. ஹைட்ராலிக் ஹோஸ் கடையில் அதே அளவு ஓரிங் கிடைக்கும். அடைப்பான் நுனி ரப்பரும் அதே கதி. பட்டறைக்காரர்களுக்குக் உள்ளே இருக்கும் காற்றை உறிஞ்சிவிட்டு நிரப்பும், கம்ப்ரசரில் ஓடும் வேக்கம் கருவியே மேல். இரண்டு நிமிடத்தில் நிரப்பும், கசிவையும் காட்டிக்கொடுக்கும். வீட்டில் ஒரு வண்டி வைத்திருப்பவருக்கு அது வேண்டாத செலவு.

சோதிக்கத் தொப்பூர் கணவாயைவிட நல்ல இடம் கிடையாது. சேலத்திலிருந்து தர்மபுரி வரும் பக்கம்தான் ஏற்றம். லாரிகள் பிரேக் பிடிக்காமல் போகும் இறக்கம் எதிர்ப்பக்கம். டேஷ்போர்டில் சூடு காட்டும் முள்ளை நம்பாதீர்கள், பல வண்டிகளில் 75 டிகிரிக்கும் 100 டிகிரிக்கும் இடையே அது நடுவிலேயே அசையாமல் நிற்கும்படிதான் அமைத்திருக்கிறார்கள். வண்டியின் கம்ப்யூட்டரில் செருகி ரீடிங் பார்க்கும் ஓபிடி கருவியில் பாருங்கள். ஏசியோடு ஏறும்போது 100-ஐ ஒட்டி வந்து, மேலே வந்ததும் 90-க்கு நிதானமாக இறங்கினால் சரி. 85, 104, 88 என்று குதித்தால் காற்று இன்னும் இருக்கிறது.

முதல் வாரத்தில் மட்டம் 100, 150 மில்லி இறங்குவது வழக்கம். அதற்குப் பிறகும் இறங்கினால் கசிவைத் தேடுங்கள். இரண்டு முறை சூடேற்றி ஆற வைத்தும் புனலில் குமிழ் நிற்கவே இல்லை, அதுவும் சோடா மாதிரி பொடிக்குமிழ், ஆக்சிலரேட்டர் கொடுத்தால் கூடுகிறது என்றால் அது தங்கிய காற்று இல்லை. ஹெட் கேஸ்கெட் வழியாக வரும் புகைக்காற்று. நீலத் திரவம் மஞ்சளாகிறதா என்று பார்க்கும் சோதனையைப் பட்டறையில் கேட்டுச் செய்யுங்கள். அதுவரை இன்னும் இரண்டு லிட்டர் ஊற்றிப் பிரயோசனம் இல்லை.

இறக்கிய பழைய கூலன்ட் இனிக்கும், விஷம். தெருவோரம் கொட்டினால் ஆடும் நாயும்தான் முதலில் வாய் வைக்கும். கேனில் அடைத்து, பழைய ஆயில் எடுக்கும் பட்டறை வாங்கிக்கொள்ளுமா என்று கேளுங்கள்.