கண்ணாடித் தலைப் பின்னும் திருகோணமலை உப்புக் காற்றும்

மூதூரில் இருக்கும் தோழி ஒருத்தி போன கிழமை கேட்டாள்: "அக்கா, குயில்ட்டுக்குத் துண்டு பொருத்த எந்தப் பின் நல்லம்? இங்கத்தைய கடைப் பின் போதுமா, இல்லாட்டி வெளியில இருந்து எடுப்பிக்க வேணுமா?" வட்ஸ்அப்பில் குரல்பதிவாகப் பதில் சொல்லத் தொடங்கினேன். பின்னைப் பற்றி இவ்வளவு கோபம் எனக்குள் கிடப்பது அப்போதுதான் தெரிந்தது. அதனால் எழுதிவிடுகிறேன். குயில்ட், அதாவது துண்டுத் துணிகளைப் பொருத்திப் பஞ்சு வைத்துத் தைக்கும் போர்வை, எப்படித் தைப்பது என்பதெல்லாம் இதில் இல்லை. அது தெரிந்தவர்களுக்குத்தான் இது.

நான் இப்போது பாவிப்பது கண்ணாடித் தலை வைத்த மெல்லிய உருக்குப் பின். நிக்கல் பூச்சு, கம்பியின் தடிப்பு அரை மில்லிமீற்றர். ரொறன்ரோவில் இருக்கும் மச்சாள் பார்சலில் போட்டு அனுப்பியது. கம்பெனியின் பெயரைச் சொல்லப் போவதில்லை. கீழே திட்டப் போகிறேன், அதுதான் காரணம்.

ஆனால் முதலில் நல்லதைச் சொல்லாவிட்டால் நியாயமில்லை. இந்தப் பின் துணிக்குள் போவது கைக்குத் தெரியாது. நாலு தையல் ஒன்றாகச் சந்திக்கும் மூலையில்தான் அதன் அருமை விளங்கும். இரண்டு வரிசைகளை முகத்துக்கு முகம் வைத்து, ஒன்றின் மடிப்பை இடப்பக்கமும் மற்றதன் மடிப்பை வலப்பக்கமும் அயன் பண்ணியிருந்தால், விரலால் தடவும்போது இரண்டு மடிப்பும் ஒன்றை ஒன்று முட்டி நிற்கும். அந்த இடத்தில் பின்னைக் குத்த வேண்டும். தடித்த பின் என்றால் குத்தும்போதே மேல் துணி எழும்பி ஒரு சின்னத் திட்டி உருவாகும். முட்டி நின்ற மடிப்பு அப்போதே விலகிவிடும். மெசினுக்குக் கிட்ட வந்ததும் பின்னை உருவினால் துணி திரும்பப் படுக்கும், ஆனால் படுத்த இடம் பழைய இடம் அல்ல. மெல்லிய பின் இந்தச் சேட்டை ஒன்றும் பண்ணாது. வைத்த இடத்தில் வைத்தபடி இருக்கும்.

"அரை மில்லிமீற்றருக்கா இவ்வளவு கதை?" என்று கேட்பவர்களுக்கு ஒரு கணக்கு. ஒரு வரிசையில் 12 துண்டு இருந்தால் 11 தையல். தையல் விளிம்பு (தையலுக்கு வெளியே விடும் துணி) கால் அங்குலம் என்று சொல்லிவிட்டு, ஒவ்வொரு தையலிலும் அரை மில்லிமீற்றர் கூடப் பிடித்தோம் என்று வையுங்கள். இரண்டு பக்கத் துணியிலும் போவதால் தையலுக்கு ஒரு மில்லிமீற்றர், வரிசைக்கு 11 மில்லிமீற்றர் குறையும். ஒரு சென்ரிமீற்றருக்கு மேல்! பக்கத்து வரிசையில் பிடிப்பு சரியாக இருந்துவிட்டால் இரண்டையும் எந்தச் சாமியை வேண்டியும் பொருத்த முடியாது.

எங்கள் ஊர்த் துணியில் இது இன்னும் வெளிச்சமாகத் தெரியும். நான் அதிகம் தைப்பது பழைய சாரத்திலும், கார்மென்ட் தொழிற்சாலைகளில் கழித்து எடை போட்டு விற்கும் வெட்டுத்துண்டுகளிலும். பூப்போட்ட சீத்தையில் மூலை கொஞ்சம் விலகினால் பூ மறைத்துவிடும். பளையகாட்டுச் சாரத்தின் கட்டம் எதையும் மறைக்காது. கோடு கோட்டோடு சேராவிட்டால் வாசலில் நின்று பார்ப்பவருக்கும் தெரியும். இந்தப் பின் வந்த பிறகுதான் அப்பாவின் சாரங்களைத் துணிந்து வெட்டினேன். கோடு கோட்டோடு போய் ஒட்டிய அந்த முதல் வரிசையை அயன் பண்ணி நிமிர்த்திப் பார்த்தபோது வந்த சந்தோசம், பின் பெட்டி ஒன்றுக்குக் கொஞ்சம் அதிகம்தான்.

மெசின் ஊசிப் பெட்டியில் 80/12 என்று போட்டிருப்பார்களே, அதில் 80 என்பது 0.80 மில்லிமீற்றர். ஆக, இந்தப் பின் தைக்கும் ஊசியை விட மெல்லியது. அதற்காகப் பின்னின் மேலேயே மெசினை ஓட்டலாம் என்று சிலர் சொல்வதை நான் ஏற்கமாட்டேன். அம்மம்மாவின் கறுத்தச் சிங்கர் கை மெசினில் சக்கரத்தை மெதுவாகச் சுற்றினால் ஊசி பின்னைத் தாண்டிப் போய்விடும், சரி. மோட்டார் மெசினில் ஊசி முறிந்தால் துண்டு எங்கே பறக்கும் என்று யாருக்குத் தெரியும்? கண்ணில் படாமல் போனாலும், அடியில் இருக்கும் கொக்கியில் கீறல் விழுந்தால் பிறகு நூல் அறுந்துகொண்டே இருக்கும். திருத்தும் காசுக்கு எத்தனையோ பெட்டி பின் வாங்கலாம். இரண்டு அங்குலம் முன்பே உருவிவிடுங்கள்.

தலை கண்ணாடி என்பதும் பெரிய விஷயம். பின்னோடு சேர்த்தே அயன் பண்ணலாம். திருகோணமலை மத்திய வீதிக் கடைகளில் வட்டத் தட்டில் சுற்றிவரக் குத்தி வைத்திருக்கும் கலர் கலரான முத்துத் தலைப் பின் எல்லாம் பிளாஸ்டிக். சூடான அயன் பட்டால் உருகித் துணியில் ஒட்டும், அயனின் அடியிலும் ஒட்டும்.

இனி மறுபக்கம். துரு.

பெட்டியில் என்ன எழுதியிருந்தது தெரியுமா? "துருப்பிடிக்காது." தடித்த எழுத்தில், ஆச்சரியக்குறி மட்டும்தான் இல்லை. எழுதியவர் எந்தக் குளிரூட்டிய அறையில் இருந்து எழுதினாரோ. டச்சுக்குடா ஒரு பக்கம், உள்துறைமுகம் மறுபக்கம் என்று இரண்டு கடலுக்கு நடுவே ஒடுங்கிக் கிடக்கும் ஊரில் அவர் ஒரு மாரி இருந்து பார்க்க வேண்டும். கச்சான், அதுதான் தென்மேல் காற்று, அடிக்கும் மாதங்களில் பின் நல்ல பிள்ளை. ஐப்பசி பிறந்து மழை தொடங்கியதும் குணம் மாறும். முதலில் கண்ணாடித் தலையும் கம்பியும் சேரும் இடத்தில் ஒரு மண்ணிற வளையம். அடுத்தது நுனி. பிறகு நடுக்கம்பியில் புள்ளி புள்ளியாக.

காரணம் விளங்காத ஒன்றல்ல. நிக்கல் துருப்பிடிக்காதுதான், ஆனால் அது மெல்லிய பூச்சு மட்டுமே. உள்ளே இருப்பது இரும்புச் சாதி. துணிக்குள் போய் வந்து நுனியில் பூச்சுத் தேயும். தலையும் கம்பியும் சேரும் இடுக்கில் ஈரம் தங்கும். அதோடு காற்றில் வரும் உப்பு, விரல் வியர்வையில் இருக்கும் உப்பு. ஈரப்பதம் 75 சதவீதத்தைத் தாண்டினால் உப்பு காற்றில் இருந்தே தண்ணீரை இழுத்துக் கரையத் தொடங்கும். சமையலறை உப்புப் போத்தல் மழைக்காலத்தில் கசிவது அதனால்தான். மாரியில் எங்கள் ஊரில் அந்த அளவைத் தாண்டுவது சர்வசாதாரணம்.

பின் கெட்டால் கெட்டுப் போகட்டும், இன்னொரு பெட்டி. ஆனால் துரு துணியில் இறங்குகிறதே! மட்டக்களப்பில் ஒரு குழந்தைக்குப் போக வேண்டிய போர்வை, பாதிக்கு மேல் வெள்ளைத் துணி. மூலைகள் எல்லாம் குத்தி, தைக்கத் தயாராக இருந்தபோது மழையோடு மின்சாரமும் போய்விட்டது. கரண்ட் திரும்பி வந்து பின்னை உருவினால், மூலைக்கு ஒரு மண்ணிறப் புள்ளி. இதில் கொடுமை என்னவென்றால், பின் மூலையில்தான் குத்தப்படுகிறது, பார்ப்பவரின் கண்ணும் மூலைக்குத்தான் முதலில் போகும். எந்த மூலையை அழகாகப் பொருத்தித் தந்ததோ, அதே மூலையில் கறையையும் வைத்துவிட்டுப் போனது. துருப்பிடிக்காதாம்!

கறைக்கு மருந்து உண்டு. தேசிக்காய்ப் புளியும் உப்பும் தடவி வெயிலில் காய வைத்து அலச வேண்டும். வெள்ளைத் துணியில் பெரும்பாலும் போகும், கலர்த் துணியில் கறையோடு சாயமும் வெளிறலாம். குளோரின் பிளீச் மட்டும் போடாதீர்கள், துருவை இன்னும் இறுக்கிவிடும். ஆனால் மாரியில் வெயிலுக்கு எங்கே போவது? பொங்கல் கழியும்வரை அந்தப் போர்வை அலுமாரிக்குள் இருந்தது. குழந்தை அதற்குள் தவழத் தொடங்கிவிட்டது.

துருவேறிய பின்னை, ஊசி குத்தி வைக்கும் தக்காளி வடிவக் குத்துமெத்தையோடு தொங்கும் சின்ன ஸ்ட்ரோபெரிக்குள் குத்தி எடுக்கலாம் என்பார்கள். அதற்குள் இருப்பது எமரித் தூள், உப்புத்தாள் மாதிரி உராயும். துரு போகும், மிச்சம் இருக்கும் நிக்கலும் சேர்ந்து போகும். அடுத்த மழைக்கு இன்னும் வேகமாகப் பிடிக்கும். ஊசிக்குச் சரி, பூச்சுப் போட்ட பின்னுக்கு வேண்டாம்.

அம்மம்மாவிடம் ஒரு வெல்வெட் குத்துமெத்தை இருந்தது. உள்ளே என்ன என்று ஒருநாள் பிரித்துப் பார்த்தோம். சீப்பில் கழிந்த தலைமுடி, அவருடையதும் அம்மாவுடையதும். சீ என்று தள்ளி வைத்தது ஞாபகம். ஆனால் அதில் குத்தி வைத்த ஊசி ஒன்றும் துருப்பிடித்ததில்லை. காலமெல்லாம் தேங்காய் எண்ணெய் வைத்த முடி அல்லவா, ஒவ்வொரு தடவை குத்தும்போதும் கம்பிக்கு மெல்லிய எண்ணெய்ப் பூச்சு. கடைக் குத்துமெத்தைக்குள் மரத்தூளோ மணலோ இருந்தால் அது ஈரத்தை உள்ளே வைத்துக்கொள்ளும். நான் இன்னும் முடி சேர்க்கும் அளவுக்குப் போகவில்லை. இறுக்கமாக மூடும் பிஸ்கட் டின்னுக்குள் பின்னைப் போட்டு, சப்பாத்துப் பெட்டியிலும் மருந்துப் போத்தலிலும் வரும் சிலிக்கா ஜெல் பக்கெட்டுகளைச் சேர்த்து வைக்கிறேன். துரு வருவது பிந்துகிறது, நிற்கவில்லை.

"அப்போ ஸ்டெயின்லெஸ் வாங்குங்களேன்" என்று யாராவது சொல்லுமுன் சொல்லிவிடுகிறேன், வாங்கினேன். ஸ்டெயின்லெஸ் உருக்கில் குறைந்தது 10.5 சதவீதம் குரோமியம் இருக்கும். மேலே பூச்சு இல்லை, உலோகமே தன்னைக் காத்துக்கொள்ளும். ஒரு மாரி முழுவதும் சன்னல் ஓரத்தில் கிடந்தும் பளபளவென்று இருந்தது, மறுக்கமாட்டேன். ஆனால் எனக்குக் கிடைத்தது தடிப்பானது, அதோடு மெத்து. நாலு மடிப்புச் சேரும் இடத்தில் வில்லாக வளைந்தது. காந்தத்தில் ஒழுங்காக ஒட்டவும் இல்லை. தரையில் சிந்தினால் காந்தத்தால் பொறுக்கும் பழக்கம் உள்ளவர்களுக்கு இது சின்ன விஷயம் அல்ல, வெறுங்காலோடு திரியும் வீடு. (காந்தத்தில் ஒட்டுகிறதா என்று பார்த்து ஸ்டெயின்லெஸ்ஸைக் கண்டுபிடிக்கலாம் என்பதையும் முழுதாக நம்பாதீர்கள். கம்பியாக இழுக்கும்போது சில வகைகளுக்குக் கொஞ்சம் காந்த குணம் வந்துவிடும். வேறு சில வகைகள் இயல்பாகவே ஒட்டும்.)

மற்றவற்றைச் சுருக்கமாகச் சொல்கிறேன். பூப்போன்ற தட்டைத் தலைப் பின் நீளமானது. அதன் மேல் அளவுகோலைத் தட்டையாக வைத்து வெட்டலாம், துண்டுகளுக்கிடையே தொலைந்தாலும் கண்ணில் படும். தலை பிளாஸ்டிக், அயனுக்கு விலக்கி வைக்கவும். இரட்டைக் கால் பின், மடிப்பின் இரண்டு பக்கமும் ஒவ்வொரு கால் இறங்கும், முக்கோணத் துண்டுகள் சேரும் கூர்மூலைக்கு அருமை. ஆனால் விலையைப் பார்த்தால் குத்தவே மனம் வராது. கிளிப் கரை கட்டுவதற்குத்தான். விளிம்பைப் பிடிக்கும், உள்ளே இருக்கும் மூலையைப் பிடிக்காது. புத்தகக் கடைக் குண்டூசி கடதாசிக்கு.

நீளத்தைப் பற்றியும் அவள் கேட்டிருந்தாள். பெட்டியில் 17, 24, 28 என்று இலக்கம் இருந்தால் அதை 16 ஆல் பிரியுங்கள், அங்குலம் வரும். 24 என்றால் ஒன்றரை அங்குலம், துண்டு பொருத்த அது போதும். 28 என்றால் ஒன்றேமுக்கால், மெத்தைப் பஞ்சோடு சேர்த்துக் குத்தும்போது உதவும்.

சரி, எதை வாங்குவது? மூதூரும் கடல்தான், கொட்டியாரக் குடாவின் காற்று எங்கள் காற்றை விடப் பரிசுத்தமானது அல்ல. வெறும் சதுரத் துண்டு, கலர்ச் சீத்தை, வீட்டுப் பாவனை என்றால் ஸ்டெயின்லெஸ் எடு தங்கச்சி, நிம்மதியாக இரு. வெள்ளைத் துணி என்றால் கட்டாயம் அதுதான். நிக்கல் பூச்சுப் போட்ட மெல்லிய பின் கடற்கரை ஊருக்குச் செய்த பொருள் அல்ல. இந்த விலைக்கு, இந்தப் பொய் எழுத்துக்கு, நான் யாருக்கும் சிபாரிசு பண்ணமாட்டேன்.

எனக்கா? பாரிசில் இருக்கும் ஒன்றுவிட்ட தங்கை, நோர்மண்டியில் 1833 முதல் ஊசி செய்யும் போயின் கம்பெனியின் கண்ணாடித் தலைப் பின் அனுப்பட்டுமா என்று கேட்டாள். வேண்டாம் என்றுவிட்டேன், கைக்குப் பழகிய தடிப்பு மாறிவிடும். மச்சாளின் அடுத்த பார்சல் ஐப்பசிக்கு முன் வருகிறது. அதே பெட்டி இரண்டு சொல்லியிருக்கிறேன், கனடாவில் விலையும் இறங்கியிருக்கிறதாம். சாரக் கட்டம் இன்னும் நாலு மிச்சம் கிடக்கிறது, வேறு எந்தப் பின்னாலும் அதைப் பொருத்த முடியாது.