பிள்ளையின் தலையைச் சுரண்டிப் பார்க்காமல் மருந்து விற்கிற இடத்துக்குப் போகாதீங்க

பள்ளிக்கூடம் போகிற வயதில் பிள்ளைகள் இருக்கிற எல்லாரும் இதை வாசியுங்க. முடிக்கும் தோலுக்கும் சிகிச்சை என்று போர்ட் போட்டு மட்டக்களப்பு டவுனுக்குள் நடத்துகிற ஒரு இடத்தில், காசையும் வாங்கிக்கொண்டு என் மகளின் தலையையும் கெடுத்து அனுப்பினார்கள்.

அவளுக்கு உச்சிக்குப் பக்கத்தில் ஐந்து ரூபாக் குத்தி அளவில் முடி போயிருந்தது. தோல் வழுவழுப்பாக இல்லை. சாம்பல் நிறத்தில் செதில், இடையிடையே கரும்புள்ளிகள், கிட்டப் பார்த்தால் அவை தோல் மட்டத்தில் முறிந்து நிற்கிற முடிகள். அங்கிருந்தவர் கதிரையை விட்டு எழும்பவே இல்லை. "இது புழுவெட்டு தங்கச்சி, எங்கட எண்ணெயப் போட்டா முளைச்சிரும்" என்றார். புழுவெட்டில் தோல் பெரும்பாலும் மழமழவென்று இருக்கும், இப்படிச் செதில் உதிராது என்று பிறகு தோல் டொக்டர் சொன்னார். எண்ணெயும், லேபலே இல்லாத டப்பியில் ஒரு வெள்ளைக் கிரீமும் தந்து பல ஆயிரம் ரூபா வாங்கினார்கள். பில் கேட்டதற்கு "பிறகு தாறன்".

கிரீம் பூசினதும் கடியும் சிவப்பும் குறைந்தது உண்மை. அப்புறம் செதில் பரவி, அந்த இடம் பொதபொதவென்று வீங்கிச் சீழ் கசிந்து, பிடரியில் நெறியும் கட்டிவிட்டது. திரும்பக் கூட்டிப் போனால், இது கட்டு, கீறி எடுக்க வேணும் என்று அதற்கு வேறு காசு சொன்னார். பிள்ளையைத் தூக்கிக்கொண்டு நேரே போதனா வைத்தியசாலைக்குப் போனோம்.

தோல் கிளினிக்கில் டொக்டர் செதிலைச் சுரண்டி, முறிந்த முடி சிலதையும் பிடுங்கிக் கண்ணாடித் துண்டில் வைத்தார். பொட்டாசியம் ஹைட்ரொக்சைட் விட்டு மைக்ரொஸ்கோப்பில் பார்க்கிற பரிசோதனை அது. மிச்சத்தை, கிருமி வளருதா என்று பார்க்கிற வளர்ப்புப் பரிசோதனைக்கு அனுப்பினார், அதன் முடிவு வர இரண்டு முதல் நான்கு கிழமை எடுக்குமாம். மைக்ரொஸ்கோப்பில் பார்த்ததில், தலையில் பங்கஸ்தான், அதாவது பூஞ்சைத் தொற்று. வீக்கம், பங்கஸுக்கு எதிராக உடம்பு காட்டுகிற கடும் எதிர்வினை, கீறவே கூடாது என்றார். டப்பிக் கிரீமில் ஸ்டீரொய்ட் இருந்திருக்கலாம், அது வெளிக்குறியை அமத்திவிட்டு உள்ளுக்குப் பங்கஸைப் பெருக விடும் என்றும் சொன்னார். எனக்குக் கை நடுங்கினது அப்போதுதான்.

இன்னொரு விஷயம். சில இடங்களில் ஊதா லைட் அடித்து, பச்சையாகத் தெரியவில்லை, பங்கஸ் இல்லை என்று அனுப்புகிறார்களாம். பூனையிலிருந்து தொற்றுகிற மைக்ரொஸ்போரம் கேனிஸ் என்ற பங்கஸ் பச்சையாக மின்னும், ஆனால் டிரைகொபைட்டன் டொன்சுரன்ஸ் என்ற பங்கஸ் மின்னாது. அதனால் லைட்டை மட்டும் நம்பி வீட்டுக்கு வராதீங்க.

பூசுகிற மருந்து முடி வேருக்குள் போய்ச் சேராது, குளிசைதான் வேணும். மகளுக்கு கிரிசியோபுல்வின், குறைந்தது ஆறு முதல் எட்டுக் கிழமை, கொழுப்புள்ள சாப்பாட்டோடு. சீப்பு, தொப்பி, தலையணை எல்லாம் வேறாக்கி, வீட்டில் மற்றப் பிள்ளைகளின் தலைகளையும் பார்க்கச் சொன்னார்.

வீங்கின இடத்தின் நடுவில் தழும்பு விழுந்தால் முடி திரும்ப வராது, பொறுத்துத்தான் பார்க்க வேணும் என்கிறார் டொக்டர். பெண் பிள்ளை. எந்த இடமென்றாலும் மருத்துவ சபைப் பதிவு இலக்கத்தைக் கேளுங்க, சுரண்டிப் பார்ப்பீங்களா என்று கேளுங்க, மழுப்பினால் எழும்பி வந்திருங்க. லேபல் இல்லாத டப்பி உங்களிடமும் இருந்தால் எறியாமல் வைத்துக்கொண்டு எனக்கு இன்பொக்ஸ் பண்ணுங்க, பிராந்திய சுகாதாரப் பணிமனைக்குச் சேர்ந்து முறைப்பாடு கொடுக்கப் போகிறோம்.